காந்தலூர் ஏத்தத்தில் ஒரு பட்டாள ஜீப்

பழைய வண்டி ஓட்டுபவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். எந்தச் சத்தம் போன வாரமே இருந்தது, எது இன்றைக்குப் புதிதாக வந்து சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். உங்களில் யாராவது என்னைப் போல மாட்டிக்கொண்டிருந்தால் நான் சொல்வது புரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பொள்ளாச்சி தாண்டி எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் கோவிந்தாபுரத்தில் எங்கள் கடலைக்காடு மழையில்லாமல் காய்ந்துபோனது. பட்டாளத்தில் ஏலம் விட்டு, பல கை மாறி வந்த ஒரு ஜீப் மலிவாகக் கிடைத்தது. மலைமேல் மறையூரிலிருந்து காந்தலூருக்கு அப்போது பஸ் கிடையாது. மண் ரோடு, செங்குத்து ஏத்தம். ஆளும் பூண்டு மூட்டையும் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். “வண்டி ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்குள்ள திரும்பி வந்து காட்டைப் பாத்துக்கறேன்” என்று மனைவி ருக்மணியிடம் சொல்லிவிட்டு மலையேறினேன். வண்டி அதற்கு மேலும் தாங்கியது. என் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முன்பே அறிமுகமான வண்டி

எனக்கு விற்றவர் அரிசி வியாபாரி. எந்த மாதிரி வியாபாரம் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று கெடுபிடி இருந்த காலம். மாதம் ஒருமுறை ருக்மணியைப் பார்க்க ஊட்டுக்கு வரும்போது பொள்ளாச்சி தாண்டி, எல்லைச் சோதனைச்சாவடியில் ஜீப்பை நிறுத்துவார்கள். முன்னால் போன கார் போய்விடும், பின்னால் வந்த லாரி போய்விடும். நான் மட்டும் ஓரம் கட்ட வேண்டும்.

முதல் தடவை அங்கிருந்த காவலர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பின்சீட்டைத் தூக்கினார், அடியில் இருந்த தகரத்தை ஒரு தட்டுத் தட்டினார், அது மூடி மாதிரித் திறந்துகொண்டது. இரண்டு மூட்டை கொள்ளும்படி ஒரு கள்ள அறை. வாங்கி இத்தனை நாளாகியும் எனக்கே தெரியாது. உள்ளே பழைய அரிசி கொஞ்சம் சிதறி, எலி வந்து போன தடம் இருந்தது. நான் விவசாயி, மலையில் ஜீப் ஓட்டுகிறேன், ஊட்டுக்குப் பூண்டு கொண்டுபோகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மறு மாதமும் நிறுத்தினார்கள். அந்த அறையைத் தகரம் வைத்துப் பற்றவைத்து அடைத்த பிறகும் நிறுத்தினார்கள், புதிதாகப் பற்றவைத்தது ஏன் என்று கேட்டார்கள். வெயிலில் நின்று நின்று அலுத்துப்போய், “ஐயா, என்னைப் பார்த்தா திருடனாட்டம் தெரியுதுங்களா?” என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: “உன்ன எனக்குத் தெரியாதப்பா. இந்த வண்டியத்தான் நல்லாத் தெரியும். எறங்கு.”

பின்பக்கமாக ஏறியது

ஏத்தத்தில் ஒரு வளைவு உண்டு. ஆள் நிறைந்திருந்தால் முதல் கியரில் அந்த இடத்தை என் ஜீப் ஏறாது, முனகிவிட்டு நின்றுவிடும். ரிவர்ஸ் கியருக்கு மட்டும் பலம் அதிகம். ஆகவே வளைவுக்குக் கீழே வண்டியைத் திருப்பி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே மேலே ஏற்றுவேன். ஏறியிருப்பவர்கள் கீழே பள்ளத்தைப் பார்த்தபடி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் மறையூரில் கல்யாணம் முடிந்து, பெண்ணைக் காந்தலூருக்கு அழைத்துப்போனார்கள். பெண் பெயர் வள்ளி. ஏறினது முதல் அழுகை. மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவில் வழக்கம்போல வண்டி நின்றது. கல்யாண வண்டி பின்பக்கமாகப் போகக் கூடாது, அபசகுனம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சத்தம் போட்டார். “அப்படின்னா எல்லாரும் எறங்கித் தள்ளணுங்க” என்றேன். பட்டு வேட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வளைவு தாண்டியும் திருப்ப இடமில்லாமல் வெகுதூரம் அப்படியே ஏறினோம். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு பெண்ணைப் புது ஊட்டுக்கு இப்படியா கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மேலே இறங்கும்போது வள்ளி என்னிடம் வந்தாள். அழுகை நின்றிருந்தது. “நல்ல வண்டிண்ணே. எங்க வீட்டுக் கூரை கடைசி வரைக்கும் தெரிஞ்சுச்சு.”

மஞ்சள் தூள்

இரண்டு வருஷம் கழிந்த பிறகு ஒரு மத்தியானம், ஏத்தத்தின் நடுவில் ரேடியேட்டர் புகைந்து, கொதிநீர் பீறிட்டு, என்ஜின் ஒரு பெரிய இருமலோடு அடங்கிவிட்டது. பெட்ரோல் டாங்கிலும் ஒழுகல். ஆட்கள் மூட்டைகளோடு இறங்கி நின்றார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வெளியே சொல்லக் கூடாது, எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. முடிந்தது. காயலான் கடைக்குப் போட்டுவிட்டு ஊட்டுக்குப் போய்விடலாம். என்ன விதைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அதற்குள் யாரோ மறையூருக்கு ஓடி மெக்கானிக் வர்க்கி ஆசானைக் கூட்டி வந்துவிட்டார்கள். கோட்டயம் பக்கத்து மனிதர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சுற்றிலும் பார்த்து, ஒரு அம்மாவின் சந்தைப் பையிலிருந்து மஞ்சள் தூளை வாங்கி, கசிவு அடைபடட்டும் என்று ரேடியேட்டருக்குள் கொட்டினார். அதே பையிலிருந்து சலவை சோப்பை எடுத்து டாங்க் ஓட்டையில் தேய்த்து அடைத்தார். தண்ணீர் ஊற்றி, முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் வண்டி உயிர் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாறையைவிட்டு எழவில்லை.

“எழுந்திரு அண்ணாச்சி. வண்டிக்கு ஒரு கேடும் இல்லா. இது நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் செஞ்சுட்டுத்தான் போகும், கேட்டோ?”

சின்னார் வழி

முருகையா கிழங்கு விவசாயி. ஒரு காலை அவர் மனைவி செல்லம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்து ஜீப்பில் வைத்தார்கள். பல நாளாக வயிற்றுவலி. கஷாயத்துக்குக் கட்டுப்படவில்லை, இப்போது வயிறு கல்லாக இருந்தது. உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மலையில் அன்றைக்கு வேறு வண்டி இல்லை. முருகையா பின்னால் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டிலின் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மறையூர் தாண்டி, சின்னார் காட்டுக்குள் இறங்கினோம். வழியில் யானைகள் ரோட்டை மறித்து நின்றன. ஹாரன் அடிக்க முடியாது, என்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்ற உறுதி கிடையாது. சூடேறிவிட்டால் நின்ற இடத்தில் என் வண்டி தானாகவே அணைந்துவிடும். அது அதன் குணம். ஆக்ஸிலேட்டரில் காலை லேசாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்றைக்கு அணையவில்லை. யானைகள் இறங்கிப் போயின. அதற்குப் பிறகு எனக்கே தெரியாத ஒரு வேகத்தில் வண்டி ஓடியது. ஒரு புதுச் சத்தமும் இல்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். உயிர் போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது என்றார். முருகையா தலையாட்டினார். அமராவதி அணைப் பக்கம் வரும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்காமல், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வந்திருக்கிறார். திரும்பி மலையேறும்போது ஏத்தத்தை மெதுவாகவே ஏறினேன். வளைவில்கூட வண்டி முரண்டு பிடிக்கவில்லை. காந்தலூரில் உறவுக்காரர்கள் அழுதுகொண்டு ஓடி வந்தார்கள். முருகையா ஜீப்பின் பின்பலகையில் கை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“வழியில வண்டி எங்கயும் நிக்கலண்ணே. நின்னிருந்தா, அதனாலதான்னு எம் மனசு காலம்பூரா சொல்லிக்கிட்டே இருக்கும்.”

வாங்க வந்தவர்

அதன் பிறகு எனக்கு ஓட்ட மனமில்லை. விற்றுவிடுவதாகச் சொல்லி வைத்தேன். ஏலப்பாறையிலிருந்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற தங்கராஜ் என்பவர் வந்தார். ஓட்டிக் காட்டினேன். பாவி வண்டி, அன்றைக்கு ஒரே சுற்றில் கிளம்பியது. முதல் கியரிலேயே வளைவு ஏறியது. பிரேக் பிடித்தது, பல மாதமாக எரியாத விளக்குகூட எரிந்தது. இறங்கியதும் அவர் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். முகம் இருண்டுவிட்டது. “ஏன் விக்கிறீக?” என்றார். ஊருக்குப் போகணும் என்றேன். “இதுலயே போலாமே?” என்றார்.

மறையூரில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: “கேடு தெரிஞ்ச வண்டின்னா வாங்கிருவேன். இதுல ஒரு கேடும் தெரியல, அதான் பயமா இருக்கு.”

ருக்மணி

அடுத்த சித்திரையில் ருக்மணி சொல்லாமல் கொள்ளாமல் டிரங்குப் பெட்டியோடு உடுமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, மறையூர் போகும் லாரியில் எனக்குச் சொல்லி அனுப்பினாள். காட்டை, விளைச்சலில் பங்கு பேசி, அவளுடைய அண்ணனுக்கு வாரத்துக்கு விட்டுவிட்டாளாம். “நான் வந்தர்றேன்னுதானே சொன்னேன்” என்றேன். அவள் பெட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏத்த வளைவில் வண்டி நின்றது. பிரேக் அவ்வளவாகப் பிடிக்காது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க யாராவது கல் வைக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, ரோட்டோரக் கல்லை உருட்டி வந்து வைத்தாள். நாங்கள் ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கையைத் தட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். “ஏனுங்க மாமா, இது இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு ஊட்டுல உக்காந்து பாத்துட்டனுங்க. நிக்கற வரைக்கும் நானும் இங்கயே இருந்துக்கறேன்.”

மலிவாகக் கிடைக்கிறது, நீடித்து உழைக்கும் என்று யாராவது உங்களிடம் ஒரு பழைய வண்டியைக் காட்டினால், உழைக்கப்போவது யார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.