அத்தை தைத்த மெத்தை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம், வீட்டிலும் சரி, வேலை செய்யும் பட்டறையிலும் சரி, அவள் துருவிதான். எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று சின்ன வயதில் தம்பி வைத்த பட்டப்பெயர். நாற்பது தாண்டியும் உதிரவில்லை. பேருந்தில் ஏறினால், கண்ணாடி துடைக்கும் வைப்பர்களில் ஒன்று ஏன் நீளம், மற்றது ஏன் குட்டை என்று ஓட்டுநரைக் கேட்பாள். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், மரத்துப்போன வாயோடு அந்தப் பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வேர் மூணா?" என்று கேட்டாள். பல் மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேலை, சோபா மெத்தை தைப்பது. தைத்து முடித்த ஒவ்வொரு மெத்தையிலும் தொப்பென்று உட்கார்ந்து பார்ப்பாள். "வாங்கறவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைம்மா" என்பார் முதலாளி. அந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு: உறையை ஸ்பாஞ்சைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்ட வேண்டும். அளவுக்கு அளவு வெட்டினால், நாலு பேர் உட்கார்ந்து எழுந்ததும் ஸ்பாஞ்சு அமுங்கிவிடும், உறை தொளதொளவென்று கிடக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் துருவி இதைச் சொல்வாள். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்து அவளுக்கு ஆறவே இல்லை.

அவளுக்கும் தம்பி மனைவிக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பட்டும் படாமலும் ஒரு பழக்கம், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில், "சமையலறை டப்பாவையெல்லாம் ஏன் இப்படி அடுக்கியிருக்கே?" என்று துருவி கேட்டுவிட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாத்தனார் கேட்டால் அதை அப்படி எடுத்துக்கொள்ள யாரால் முடியும்? அன்றிலிருந்து துருவி போனால் காபி வரும், முகத்தில் சிரிப்பும் வரும், பேச்சு மட்டும் வராது.

அந்தப் பேச்சை வரவைத்தது ஒரு மெத்தை. தம்பி மகளுக்கு இரண்டு வயது, கன்னமும் வயிறுமாக இருப்பாள், உருண்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காரில் அவளுக்கென்று மாட்டியிருக்கும் குழந்தை சீட்டில் உட்கார வைத்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுவாள். முதுகில் உறுத்துகிறதோ என்று துருவிக்குச் சந்தேகம். பட்டறையில் மிஞ்சிய ஸ்பாஞ்சிலேயே மிருதுவானதாகப் பார்த்து எடுத்து, மஞ்சள் துணி போர்த்தி, பெல்ட் நுழைய ஓட்டைகள் விட்டு, முதுகுக்கும் அடிக்குமாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். உருண்டை அதில் சாய்ந்தாள், கொட்டாவி விட்டாள், தூங்கிப்போனாள்.

அன்று மாலையே தம்பி மனைவி தானாகப் போன் செய்தாள். "அண்ணி, என்ன மாயம் பண்ணீங்க? போற வழியெல்லாம் தூக்கம். என் தோழிங்கல்லாம் எங்க வாங்கினதுன்னு கேக்கறாங்க. எங்க அண்ணி தெச்சதுன்னு சொன்னேன்."

எங்க அண்ணி! துருவிக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதலாளியிடம் சொன்னபோது அவர் கண்ணும் விரிந்தது. "அளவு எடுத்துட்டு வா, நிறையத் தெச்சு வித்துடலாம்" என்றார்.

அளவு எடுக்கத்தான் அவள் ஒரு சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். மறுநாள் விடிந்ததும் அவர்கள் மூவரும் தம்பியின் மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். பெரிய சாலையில் ஏறக்குறைய முழுநாள் ஓட்டம். கார் நிறுத்தும் இடத்தில் தம்பி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். உருண்டை சீட்டில் கட்டுண்டு ராஜாத்திபோல உட்கார்ந்திருந்தாள். கார் நிற்கும்போது அவளுக்கு அந்தச் சீட்டின்மேல் கோபமே கிடையாது.

துருவி பக்கிளைக் கழற்றிக் குழந்தையை இறக்கினாள். மெத்தையை உருவி எடுத்து, காரின் பானட்மேல் ஒரு தாளை விரித்து, மெத்தையை அதன்மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். அதற்குள் உருண்டைக்கு மறுபடி சீட்டில் ஏற வேண்டும். மெத்தை இல்லாமலே உட்காரவைத்துப் பக்கிளை மாட்டினாள்.

பெல்ட் தொங்கியது.

"டேய், இந்த பெல்ட்டைத் தளர்த்தினியா?"

"நான் தொடவே இல்லக்கா. இறுக்கமாத்தானே இருந்துச்சு."

இறுக்கமாகத்தான் இருந்தது, பக்கிளைக் கழற்றியதே அவள்தானே. இப்போது குழந்தையின் நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அவள் கை முஷ்டியாக மடங்கி நுழைந்தது. உருண்டை ஒரு தோளை மெல்ல வெளியே உருவி, "அத்தை, ஊ!" என்று சிரித்தாள்.

அது துருவியின் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மெத்தையை மறுபடி வைத்துப் பார்த்தாள்: பெல்ட் கச்சிதம். எடுத்தாள்: தொளதொள. மெத்தையைக் கார்க் கதவில் சாய்த்து, இரண்டு உள்ளங்கையாலும் தன் முழு எடையையும் போட்டு அமுக்கினாள். ஸ்பாஞ்சு இருந்த இடம் தெரியாமல் அட்டைபோல ஆனது. கையை எடுத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி உப்பிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் எதிலாவது போய் மோதினால், இந்தக் குழந்தையின் எடையே மெத்தையை இப்படித்தான் அமுக்கும். அந்த நொடியில் பெல்ட் தொங்கும். பூப்போல இருக்கட்டும் என்று தேடித் தேடி எடுத்த ஸ்பாஞ்சு அது.

சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். சீட் செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க தெச்சது நல்லதா கெட்டதான்னு நான் சொல்லலம்மா. எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன். சீட்டை வேகமா மோத விட்டுச் சோதிச்சப்ப, அதோட வந்த துணியும் பஞ்சும்தான் இருந்துச்சு. நீங்க வெச்சதோட யாருமே மோதிப் பாத்ததில்ல. கூட வராத எதையும் உள்ள வெக்காதீங்க."

துருவிக்கு வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்விக்குள் தன் தம்பியின் ஒரே குழந்தையை உட்காரவைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி மனைவி பிளாஸ்க்கும் பையுமாக இறங்கி வந்தாள். துருவி மென்று விழுங்கிக்கொண்டே, "இந்த மெத்தை வேணாம்மா. நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

தம்பி மனைவியின் பார்வை மெத்தைமேல் போய், பானட்மேல் விரித்திருந்த தாளுக்குப் போய்த் திரும்பியது. "அளவெல்லாம் எடுத்தாச்சு போல. எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னதும் விக்கலாம்னு தோணிடுச்சு. சரி. அதுக்கு எங்களுதைத்தான் எடுக்கணுமா? நாளைக்கு அவ எப்படித் தூங்குவா?"

சுருக்கென்றது. அளவு எடுக்க வந்தது பொய்யில்லையே.

"நான் மெதுவாத்தானே ஓட்டறேன், இந்த ஒரு தடவை இருக்கட்டும்க்கா" என்று தம்பி நடுவில் புகுந்தான்.

"நீ மெதுவா ஓட்டுவே. எதிர்ல வர்றவன்?" என்றாள் துருவி. பிறகு தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "நான் தப்பாத் தெச்சுட்டேன்மா. ஸ்பாஞ்சு அமுங்கும்னு தெரிஞ்சவ நான்தான், எனக்கே உறைக்கல. என் பேச்சை நம்ப வேணாம். நீயே கையை விட்டுப் பாரு."

தம்பி மனைவி பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். மகளின் நெஞ்சுப் பக்கம் பெல்ட்டுக்குள் கையை விட்டாள். வளையலோடு கை உள்ளே போனது. பெல்ட்டின் நுனியைப் பிடித்து, இழுத்து, இன்னும் இழுத்து இறுக்கினாள். இரண்டு விரலால் தோள்பட்டைமேல் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தாள், மடிப்பு வரவில்லை. உருண்டை முகத்தைச் சுளித்தாள்.

துருவி மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி இன்னும் நிமிரவில்லை. பெல்ட்டில் கோத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டியரிங் பொம்மையை அவிழ்த்தாள். முன்சீட்டின் முதுகில் மாட்டியிருந்த கனமான போன் ஸ்டாண்டையும் கழற்றினாள். இரண்டும் அவளே ஆசைப்பட்டு வாங்கியவை.

"இதெல்லாம் எதுக்கும்மா எடுக்கறே?"

"இதுவும் சீட்டோட வரல அண்ணி" என்றாள் அவள்.

மறுநாள் பட்டறையில் முதலாளி அளவைக் கேட்டார். துருவி மாட்டேன் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார், அவள் சொன்னாள், அவர் நம்பவில்லை. வெளியே நின்ற தன் காரில் பேரனின் சீட்டில் ஸ்பாஞ்சை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மதியம் அவளுடைய போன் அடித்தது. எடுத்ததும் முதலில் வந்தது ஓர் அலறல். தையல் எந்திரச் சத்தத்தையும் மீறி அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, கேக்குதா?" அலறலுக்குமேல் தம்பி மனைவி கத்தினாள். "கிளம்பினதுலேர்ந்து இதே கச்சேரிதான். எங்க ரெண்டு பேருக்கும் காதே போச்சு!"

"பெல்ட்?"

"ரெண்டு தடவை கையை விட்டுப் பாத்துட்டேன். நுழையல."

துருவிக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்திரத்தை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி அண்ணி, உங்களுக்கு வேலை இருக்கும். வெச்சுடட்டுமா?"

"வெக்காதே. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும். நான் கேக்கறேன்."