அக்காவுக்கு எதிரி காற்று

என் அக்காவுக்குக் காற்று என்றாலே எரிச்சல். நிலக்கரி மின்நிலையத்தில் உலையின் ஓட்டைகளை அடைப்பது அவள் வேலை.

எங்கள் உலை மற்ற உலைகளைப் போலக் காற்றில் எரிவதில்லை. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். அது புகையோடு கலந்துவிட்டால் கரியமில வாயுவைத் தனியே பிரிப்பது பெரும்பாடு. அதனால் ஆக்சிஜனையும் வெளியேறும் புகையில் ஒரு பகுதியையும் கலந்து உள்ளே அனுப்புகிறோம். எரிந்து வருவதில் நீரை வடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயு. அதை அழுத்திப் பூமிக்கடியில் இறக்கலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உலை பழையது. உள்ளே அழுத்தம் குறைவு, எந்த இடுக்கு கிடைத்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

அக்கா ஒரு நூலிழையை இடுக்குகளில் காட்டிக்கொண்டே ஏறுவாள். நூல் உள்பக்கம் சாய்ந்தால் அங்கே பசை பூசி அடைப்பாள். ஒன்றை அடைத்தால் சூட்டில் இன்னொன்று விரியும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கரியமில வாயுவின் அளவைப் பார்ப்பது நான். தொண்ணூறு சதவீதம் வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று என்று இழுத்துக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டத்திலும் அப்படியே இருந்தால் அக்காவின் ஒப்பந்தம் போய்விடும். பொறியாளர் அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து, கோபத்தைப் பாத்திரங்கள்மேல் காட்டுவாள்.

கடைசியில் கண்டுபிடித்தாள், நெருப்பைப் பார்க்கும் துளைகளில். துளையின் மூடி சூட்டில் இறுகித் திறக்க வராமல் போகும் என்று யாரோ மூடியின் இடுக்கில் நட்டுகளைச் சொருகி வைத்திருந்தார்கள். ஆறு துளை, ஆறு நட்டு. அந்த யாரோ வேறு யாருமில்லை, அவள் கணவர்தான். மாமாதான் அங்கே நெருப்பைப் பார்க்கும் ஆள்.

அன்று வீட்டில் இடி விழுந்தது. ஊரெல்லாம் ஓட்டை அடைக்கிறேன், ஓட்டை போடுகிற ஆள் என் பக்கத்திலேயே படுத்திருக்கிறார் என்று கத்தித் தீர்த்தாள். மாமா அசையவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், நெருப்பு அணைந்த பிறகும் எரிகிறது என்று கருவி காட்டியதாம். அதை நம்பி மேலும் கரியை ஊட்டியதில் உலை சீறி, கூட்டாளிக்குக் கண் போய்விட்டது.

"நெருப்பை நான் கண்ணால பாக்கணும். உலைக்குள்ள வச்சிருக்கிற கேமராவை நம்பி நிக்க என்னால முடியாது" என்றார்.

"சோதனை முடியற வரைக்குமாவது மூடி வைங்க. எனக்காக."

மாமா மூடினார். சோதனையன்று ஒவ்வொரு துளைக்கு முன்னாலும் மாறி மாறிக் கையைக் கட்டிக்கொண்டு, பசித்தவர் முகத்தோடு நின்றார். என் திரையில் எண் மெல்ல ஏறித் தொண்ணூற்றொன்றில் நின்றது. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

அடுத்த வாரம் அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது: துளைகளை நிரந்தரமாக மூடிவிடலாம், கேமரா போதும், நெருப்பைப் பார்க்க ஆள் வேண்டியதில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்ததில் மிச்சம் பிடிக்கக் கிடைத்தது அந்த ஒரு ஆள்தானா?

அக்கா நேரே பொறியாளரிடம் போனாள். நானும் கூடப் போனேன். கேமரா பொய் சொன்னால் என்ன செய்வீர்கள், பார்க்க ஒரு ஆளாவது வேண்டாமா என்று கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா, அவரை வச்சுக்கிறேன். அவர் இருந்தா மூடியைத் திறப்பாரு. தொண்ணூறு வரலைன்னா உங்க ஒப்பந்தம் நிக்காது. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

யாருக்கும் ஒரு பேச்சு பாக்கி வைக்காத என் அக்கா திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெளியே படிக்கட்டில் மாமா காத்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.