பிரிக்காமல் வைத்த சிடி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், அழகுசாதனப் பொருட்களைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் அறுபதை எட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கை பெட்டியை மடிக்கும், வாய் பாடும். ஒரு காலத்தில் மேடையில் ஆடியும் பாடியும் பகிடி விட்டும் சபையைக் கட்டிப்போட்ட ஓர் அமெரிக்கப் பாடகரின் பாட்டுகள்தான் எல்லாம். அவற்றில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. மெஷின் நிற்கும் நேரமெல்லாம் அதையே பாடச் சொல்லிக் கேட்பேன். என் தொண்டையில் கேட்டு என்ன பயன், அவர் பாடிக் கேட்கவேண்டும் என்று சிரிப்பார்.

அந்தக் கோடையில் நாங்கள் பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கி, புதுவீட்டுக் குடிபூரலுக்கு எல்லோரையும் அழைத்தோம். அந்தப் பெண்மணியும் ரயிலேறி வந்துவிட்டார். வாசலிலேயே ஒரு பையை என்னிடம் தந்து, பிரித்துப் பார் என்று ஆவலோடு நின்றார். கொண்டுவந்தவர் முன்னால் பரிசைப் பிரிப்பது எங்களிடம் வழக்கமில்லை என்று, பெரிய பண்பாட்டுத் தூதர் மாதிரி விளக்கம் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். பை உள்ளே போய்ப் பரிசுக் குவியலில் சேர்ந்தது.

குடிபூரல் பரிசுகளைப் பற்றித் தெரியாதா? கொஞ்சத்தைப் பிரித்தோம். சுவர்க்கடிகாரமும் கண்ணாடிக் குவளையும்தான். அலுத்துப்போய் மிச்சத்தைப் பைகளிலிருந்து எடுத்து, பிரிக்காமலே அலுமாரியில் அடுக்கினோம், யார் வீட்டுப் பிறந்தநாளுக்காவது உதவும் என்று. எங்கள் ஆட்கள் பலர் செய்கிற காரியம்தான்.

வேலைக்குத் திரும்பியதும், பரிசு பிடித்ததா என்று அவர் கேட்டார். நானும் கூசாமல், தினமும் பாவிக்கிறோம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றார். பிரியாவிடை அன்று காலையில்தான் பரிசு வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. கணவர் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பார்சலை எடுத்து நீட்டினார்.

"உதைக் குடுமன். புதுசு மாதிரித்தான் கிடக்கு."

"ஆர் தந்ததெண்டு தெரியுமோ?"

"எங்கடை சனம் ஆரேன் தந்திருக்கும். அவவுக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

சுற்றியிருந்தது கிறிஸ்மஸ் தாள். நீலத்தில் வெள்ளைப் பனிமனிதர்கள். ஜூன் மாதத்தில் இதை எப்படிக் கொடுப்பது என்று, அதன் மேலேயே பளபளக்கும் பொன்னிறத் தாள் ஒன்றைச் சுற்றினேன். பழைய தாளைக் கழற்றக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

சாப்பாட்டு அறையில் எல்லோரும் சுற்றி நிற்க, அவர் ஒவ்வொரு பரிசாகப் பிரித்து உயர்த்திக் காட்டினார். என்னுடையதன் பொன்னிறத் தாளைக் கிழித்தார். உள்ளே நீலத் தாள். அவர் கை நின்றது. பனிமனிதர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அது அவர் சுற்றிய தாள், அவர் கொண்டுவந்த பரிசு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காதெல்லாம் சூடேறிற்று. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்களோ, திற, திற என்று அவசரப்படுத்தினார்கள்.

அவர் பார்சலை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னார்: "இவளுடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தந்தவர் முன்னால் பிரிக்கக்கூடாது. நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்."

பிறகு அடுத்த பரிசை எடுத்தார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வேலை முடிந்து பஸ் தரிப்பில் அவரிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க என்னிடமிருந்த ஆங்கிலம் போதவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பார்சலை என் கையில் தந்து, இப்போது பிரி என்றார். அந்தப் பாடகரின் சிறந்த பாட்டுகளைத் தொகுத்த சிடி. பெட்டியின் மூலையில் சின்ன வெடிப்பு. கடையில் வாங்கியதல்ல, தான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்ததையே, மிஞ்சிக் கிடந்த கிறிஸ்மஸ் தாளில் சுற்றித் தந்திருக்கிறார். நான் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு நட்சத்திரம்.

"இதைத்தானே தினமும் பாவிக்கிறாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டு கேட்டார்.

இப்போது யார் எது கொண்டுவந்தாலும் வாசலிலேயே பிரித்துவிடுகிறேன். அவசரக்காரி என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். அந்த நட்சத்திரப் பாட்டு வரும்போது இன்றைக்கும் என் காது சூடாகிறது. நான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த வழக்கத்தைக் கொண்டே அன்று அவர் என் மானத்தைக் காப்பாற்றினார்.