புருலுக்குக் கீழே ஒரு கோடு

அந்த டாக்டரம்மாமீது துர்துபெக்குக்கு ஆறு வருடமாகக் கோபம். நாரின் நகர ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் அவன் வாயை அடைத்தவள் அவள்.

அன்று அக்கா புருலுக்குத் துணையாகப் போயிருந்தான். புருல் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். முப்பது வயதுக்குள் கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே துருத்திக்கொண்டது. ஒரு விளக்கு மூன்றாகத் தெரியும். கடிதங்கள் பெட்டி மாறி விழுந்தன, வேலை போயிற்று. "குருட்டு வம்சம்" என்று திட்டிவிட்டுப் புருஷனும் போனான், ஆறு வயது மகள் மைரமைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஊரான தலாஸுக்கு. பிள்ளை தகப்பன் வழிக்குத்தானே சேர்த்தி? யாரும் மறிக்கவில்லை. மைரமின் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவனே துர்துபெக்தான்.

இந்தக் கோளாறு ரத்த வழியில் வருகிறதா என்று ஆராயத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்தாள் டாக்டரம்மா. "உங்க குடும்பத்துல யார் யாரு? சொல்லுங்கண்ணே."

துர்துபெக் செருமிக்கொண்டு, அவர்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் திக்காமல் ஒப்பித்தான்.

"ஒரு பொம்பளகூட இல்லையே. எல்லாரும் என்ன, மரத்துலயா காய்ச்சாங்க?"

வார்டே சிரித்தது.

"உங்கம்மாவப் பெத்தவங்க பேரு?"

அவன் விழித்தான். "பாட்டின்னுதான் கூப்பிடுவோம்..."

"பெரிய வம்சக்காரன்!" என்றாள் புருல். "நான் சொல்றேன், எழுதிக்கம்மா. அலீமா. சாகுற வரைக்கும் கண்ணக் கசக்கிட்டே கெடந்தா. அவ தங்கச்சியும் அப்படித்தான்."

தாய்வழிச் சொந்தம் பத்துப் பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வருடம் டாக்டரம்மா வந்து சொன்னாள்:

"காரணம் ஒண்ணே ஒண்ணு இல்ல, சின்னச் சின்னதா நெறைய. அதுல சிலது உங்கம்மா வழியா வந்திருக்கு. இருந்தா வந்தே தீரும்னு இல்ல. ஆனா சின்ன வயசுலயே பாத்துட்டா மேல போகாம நிறுத்திரலாம்."

அவள் குடும்ப மரம் வரைந்திருந்த காகிதத்தைப் புருல் மூக்கருகில் பிடித்துக்கொண்டாள். "இந்த வட்டம் யாரு?"

"நீங்க."

"கீழ கோடு போட்டிருக்கே?"

"உங்க மக."

புருல் அந்தக் கோட்டை விரலால் தடவினாள். "எம்பொண்ண எனக்குக் கீழ எழுதின மொதக் காகிதம் இது."

அதன்பின் புருல் தலாஸுக்கு எழுதிப்போட்ட கடிதங்கள் ஒன்று விடாமல் பிரிக்கப்படாமலே திரும்பின. தலாஸ் வண்டி வரும் நாளில் பஸ் நிலையத்தில் போய் நிற்பாள். இறங்கும் பெண் ஒவ்வொருத்தியும் அவளுக்கு மூன்று பேர். மூவரில் ஒருத்தியாவது மைரமாக இருக்கக்கூடாதா என்று கூட்டம் கலையும்வரை பார்ப்பாள்.

போன பனிக்காலம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். மறுபடி எழவில்லை. படுக்கையிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், தலாஸுக்குப் போ."

"கையோட கூட்டிட்டு வரேங்க்கா. உன்னப் பாக்கட்டும்."

"வேணாம். நான் அனுப்பினேன்னு தெரிஞ்சா கதவே தெறக்க மாட்டாங்க." மூச்சு வாங்கினாள். "அவளுக்கு இருபது ஆகுது. என் பேர எடுக்காத. கண்ண மட்டும் டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துரு."