தம்பியின் பாம்பும் என் மஞ்சளும்

என் தம்பிக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவன் அதை இரண்டு தடவை தள்ளிப்போட்டான். இரண்டு தடவையும் சொன்ன காரணம் ஒன்றுதான். அவனுடைய பாம்பு சாப்பிடவில்லை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவன் என் தம்பியாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். நாற்பத்தாறு வயது மனிதன், மூன்று இரத்தக் குழாய்கள் அடைபட்ட நெஞ்சோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பிள்ளை ஒருக்காச் சாப்பிடட்டும் அக்கா, அதுக்குப் பிறகு நான் அட்மிட் ஆகிறன்" என்றால் எந்த அக்காவுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? வாயில் வந்தபடி ஏசினேன். "சத்தம் போடாதேங்கோ, பிள்ளை பயப்பிடும்" என்றான். "அதுக்குக் காதில்லை எண்டு நீதானேடா சொன்னனி" என்று கேட்டேன். 

அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருந்தவன். கல்யாணம் செய்யவில்லை. நான் செய்து, அவரைப் பறிகொடுத்துப் பத்து வருடம். எங்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. கனடாவுக்குப் போன அவனுடைய கூட்டாளி ஒருவன் கட்டில், மின்விசிறி, சைக்கிள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, விற்க மனம் வராத ஒன்றை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் இந்தப் பாம்பு. ஆபிரிக்காவில் இருந்து வந்த வகை, மலைப்பாம்பில் குள்ளச் சாதி. விஷம் இல்லை. கபில நிறத்தில் ஆங்காங்கே பொன்னிறத் திட்டுகள். பயந்தால் சீறாது, கொத்தாது. தலையை நடுவில் வைத்துச் சுருண்டு பந்துபோல ஆகிவிடும். தம்பியும் சின்ன வயதில் அப்படித்தான். அப்பா ஏசினால் போர்வைக்குள் சுருண்டுகொள்வான், சோறு குழைத்து நான்தான் உள்ளே கையை நீட்ட வேண்டும்.

நெஞ்சுவலி வந்த பிறகு அவனைத் தனியே விட எனக்குத் துணிவில்லை. வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்குக் கூட்டி வந்தேன். கடலுக்குப் போகிற ஒழுங்கையில் மூன்றாம் மாடி. பாம்பு இல்லாமல் வரமாட்டேன் என்றான். சரி என்றேன், ஆனால் சட்டம் போட்டேன். பாம்பு அவனுடைய அறைக்குள்தான். அதன் சாப்பாடான எலிகள் என் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில், நாலு பைக்குள் சுற்றி, மேலே 'மருந்து' என்று எழுதித்தான். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, அது பாம்புக்கும்தான். கடைசிச் சட்டம்: உறைந்த எலியோடு அவன் நான் சமைக்கிற குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. எதையாவது தொட்டு எங்காவது துடைத்துவிட்டுப் போவான். எலியை இளக்கிக் கொடுப்பது என் வேலை. நான் சைவமாகி இருபது வருடம், ஆனாலும் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். என் குசினியை இன்னொருவரிடம் விட எனக்குத் தெரியாது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், ஒரு எலி. கொட்டாஞ்சேனையில் இருந்தவரை ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லையாம். வெள்ளவத்தைக்கு வந்த முதல் சனிக்கிழமை, தம்பி நீளமான இடுக்கியால் எலியைப் பிடித்து நீட்ட, பாம்பு கிட்ட வந்தது, நாக்கை இரண்டு மூன்று தரம் நீட்டிப் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒளிய வைத்திருந்த பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறையும்.

"ரெயிலாலதான்" என்றான் தம்பி. கரையோர ரயில் போகும்போது எங்கள் கட்டடத்தில் கோப்பைகள் மெல்ல அதிரும். பாம்புக்கு அது உடம்பு முழுக்கக் கேட்குமாம். கண்ணாடித் தொட்டியின் கீழே என் பழைய மெத்தையை வெட்டிப் போட்டோம். சுற்றிக் கறுப்புத் துணி கட்டினோம். இரண்டு ரயில்களுக்கு நடுவே உள்ள நேரமாகப் பார்த்துக் கொடுத்தோம். மேல்மாடி அன்ரி கேள்விப்பட்டு, நாகதம்பிரான் கோயிலில் வைக்கிறமாதிரி ஒரு கிண்ணத்தில் பாலும் ஒரு முட்டையும் கொண்டுவந்து பக்தியோடு தந்துவிட்டுப் போனார். முட்டையை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், பாலை நான் தேத்தண்ணிக்கு ஊற்றினேன். பாம்பு மெலிந்துகொண்டு போனது. முதுகெலும்பு கோடாகத் தெரியத் தொடங்கியது. என் மா நிறுக்கிற தராசை எடுத்துத் தம்பி அதை நிறுத்துப் பார்த்தான். இப்போதும் அவன் அதில்தான் நிறுக்கிறான். எனக்கு வேறு வாங்கிக்கொண்டேன்.

பாம்பைவிடத் தம்பிதான் என்னைப் பயப்படுத்தினான். இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். இரண்டாம் முறையும் நாளைத் தள்ளிய பிறகு கிளினிக்கில் மருத்துவர் அவனிடம் கதைக்கவில்லை, என்னைப் பார்த்துக் கதைத்தார். இனியும் தள்ளினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், அதுவரை இந்த நெஞ்சு பொறுக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மூன்றாம் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார். அதற்கு இடையில் சாப்பாடு கொடுக்கிற சனிக்கிழமைகள் இரண்டே இரண்டுதான் இருந்தன. முதலாவது சனிக்கிழமையும் பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது. தம்பி தொட்டியின் மூடியில் கையை வைத்தபடி, "இப்பிடி விட்டிட்டு நான் எப்பிடிப் போறது" என்றான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எலிகள் முடிந்திருந்தன. அந்தக் கிழமை வேலை முடிந்து பஸ் ஏறித் தெஹிவளைக்குப் போனேன். மீன் தொட்டிகள் விற்கிற ஒரு கடை, பின்னால் அந்த முதலாளி எலியும் வளர்க்கிறார். அவரிடம் சிங்களத்தில் என் குறையைக் கொட்டினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். தொட்டி சூடா, ஒளிய இடம் இருக்கா, எலியை எப்படி இளக்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

பெருமையோடுதான் சொன்னேன். குளிர் இறங்கியதும் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணியில் கழுவுவேன். பிறகு துடைத்து, இளஞ்சூட்டில் வைத்துக் கொடுப்பேன்.

அவர் கையில் இருந்த மீன் வலையைக் கீழே வைத்தார். "மிஸ், அந்தப் பாம்புக்கு எலி எலியாக மணக்க வேணும். அது நாக்கை நீட்டும்போது உங்கள் குசினிதான் மணக்குது" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ, எது வந்தாலும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவாமல் சட்டிக்குப் போகாது. அம்மா செய்தாள், நான் பார்த்தேன், கை தானாகச் செய்தது. அதுவும் நான் யார்? மருந்துக்கடையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்கிறவள். சாப்பாட்டுக்கு முன் எந்த மருந்து, பின் எந்த மருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். நாலு மாதமாக ஒரு சீவனை நானே பட்டினி போட்டிருக்கிறேன், அந்தச் சாட்டில் என் தம்பியின் உயிரையும் இழுத்தடித்திருக்கிறேன். வரும் வழியில் பஸ்ஸில், வாங்கிய எலிகள் இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனேன். சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் எலியைக் கழுவாமல் இளக்கினேன். மணம் குசினி முழுக்க நின்றது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தலைமயிர் உலர்த்துகிற கருவியால் அதன் தலையைச் சூடாக்கினேன். இரத்த ஓட்டம் உள்ளதுபோல அது என் கையில் இளஞ்சூடாக இருந்தது. வெறுப்பு வரும் என்று நினைத்தேன், பாவமாகத்தான் இருந்தது.

அறைக்குள் கொண்டுபோனேன். தம்பி எலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இடுக்கியை வாங்கித் தொட்டிவரை கொண்டுபோனான். "நீங்களே பிடியுங்கோ அக்கா" என்று திருப்பித் தந்தான். நான் தரையில் குந்தியிருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொட்டிக்குள் கையை நீட்டினேன்.

பாம்பு மெல்ல வந்தது. நாக்கு ஒருமுறை வெளியே வந்தது. இன்னொருமுறை. பிறகு கழுத்து பின்னால் வளைந்தது, அவ்வளவுதான் நான் கண்டது. இடுக்கி கையில் ஒரு உதறு உதறியது. பார்த்தால் எலி அதன் சுருளுக்குள் இருந்தது. நான் இடுக்கியை விட்டுவிட்டுத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். செத்த எலியை அது நெரித்துக்கொண்டு கிடந்தது, பிறகு அவசரமே இல்லாமல் தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கியது. ஒரு பிள்ளை சோறு தின்கிறதைப் பார்க்கிற சந்தோஷம்தான் எனக்கு வந்தது, வேறு சொல் இல்லை. ஒரு ரயில் போனது. பாம்பு கவனிக்கவே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சொல்லத் துணிவு வந்தது.

"தம்பி, இவ்வளவு நாளும் நான் எலியை மஞ்சள் போட்டுக் கழுவினனான். அதாலதான் அது சாப்பிடேல்லை. என்ர பிழையடா."

அவன் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"வெள்ளை எலி மஞ்சளா வந்தா எனக்கு விளங்காதே அக்கா? முதல் நாளே கண்டனான்."

"அப்ப ஏன்டா சொல்லேல்லை?"

 "அண்டைக்குச் சொல்லத்தான் இருந்தனான். அண்டைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து நாள் குறிச்சு ரெலிபோன் கோல் வந்தது. அது சாப்பிட்டா நான் போகவேணுமே" என்றான். பிறகு நெற்றியைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்துக்கொண்டான். "பாவம் அக்கா அது. என்ர பயத்துக்கு நான் அதைப் பட்டினி போட்டிட்டன்."

எதற்கும் ஒரு ஏச்சு வைத்திருக்கிறவள் நான். அன்று ஒன்றும் வரவில்லை. நாலு மாதம் அவன் தினமும் அந்தத் தொட்டிக்கு முன்னால் இருந்து, மெலிகிற பாம்பைப் பார்த்து, காரணம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். அவ்வளவு பயத்தை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் காணவில்லை. ரயிலையும் மெத்தையையும் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எனக்கும் பயம்தான்டா" என்றேன். "உன்னை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். எலியின் வால்நுனி மட்டும் பாம்பின் வாயில் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை போவம்" என்றான். பிறகு, "உள்ளுக்குக் கொண்டு போனாப் பிறகு நீங்கள் வெளியில நிப்பீங்கள்தானே?" என்று கேட்டான்.

"நிப்பன்."

"முழு நேரமும்?"

"முழு நேரமும்."

செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது. இடையில் ஒரு தாதி வந்து, கீழே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாங்கோ என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்குப் பசித்தது, ஆனாலும் அந்தக் கதவை விட்டு நான் நகரவில்லை.