சம்பந்தியைக் கேரட் வண்டியில் ஏற்றிய கணக்கு

இன்னும் பரபரப்பு அடங்கவில்லை. போன வாரம் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பெண் வீடு மலைமேலே கூக்கால், மண்டபம் கீழே பழனி. நடுவில் மலை, மழை, வளைவு... வளைவு.

நான் காலேஜில் பாடம் நடத்துவதே இதைத்தான் — இருக்கிற ஆளை இருக்கிற வேலைக்கு, வீணில்லாமல் பிரித்துக் கொடுப்பது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று பெரிய பெயர். அதனால் வண்டி பிரிக்கிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு, முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விட்டாள் தங்கச்சி. விடுவேனா?

இருந்தது ஒரு ஜீப், என் பழைய கார், கேரட் ஏற்றுகிற பிக்கப். மரியாதைப்படி பிரித்தேன். பெண்ணை அழைத்துப்போக வந்திருந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்கு ஜீப் — அவர்தானே முன்னால் போகவேண்டும்? கல்யாணப் பெண்ணுக்கும் தோழிகளுக்கும் கார். சீர்த்தட்டுக்கு பிக்கப்.

ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை. மழையில் ஏற்றம் முழுக்கச் சேறு. கார் டயர் சுற்றுகிறது, சுற்றுகிறது... வண்டி நகரவில்லை. உள்ளே மணப்பெண். முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்குமா?

ஜீப்பும் பிக்கப்பும் ஜோராக ஏறி மேலே நின்றன. பெண்ணை ஜீப்பில் மாற்றலாம். ஆனால் தோழிகளும் ஏறினால் பெரியப்பாவுக்கு இடமில்லை. அவரை இறக்கிக் காய்கறி வண்டியில் ஏற்றினால்? சம்பந்தமே முறிந்துபோகும்.

கெஞ்சலாம் என்று ஓடினேன். மழைக்குத் தார்ப்பாய் கட்டி மூடிய ஜீப். உள்ளே டீசல் வாடை. பெரியப்பா முகம் வெளிறி, துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். எனக்குள் பல்ப் எரிந்தது. உசந்த ஆளுக்கு உசந்த வண்டி என்று யார் சொன்னது? யாருக்கு எது பொருந்தும் என்றல்லவா பார்க்கவேண்டும்?

“சம்பந்தி, பிக்கப்புல முன் சீட்டுங்க. கண்ணாடிய எறக்கிவிட்டா காத்து மூஞ்சியில அடிக்கும். இனி அதுதான் முதல்ல போவும்.”

யோசித்தார். “கேரட்டு வண்டியில வந்தேன்னு எங்க ஊர்ல தெரிஞ்சா?”

அதற்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணே சேற்றில் நடந்து வந்துவிட்டாள். “ஜீப்புல வாந்தி எடுத்தீங்கன்னு தெரிஞ்சா பரவாயில்லையா, பெரிய மாமா?”

சிரித்துவிட்டார். இறங்கிவிட்டார்.

பெண்ணும் தோழிகளும் ஜீப்புக்கு. இனி நனையாமல் சீர்த்தட்டு காருக்கு. பாரம் குறைந்த காரை, பின்னால் நின்று நானே தள்ளினேன்... ஏறிவிட்டது! அதே வண்டிகள், அதே ஆட்கள். மாற்றிப் போட்டதும் எல்லாம் ஓடின. சேற்றில் நின்று தனியாகக் கை தட்டினேன்.

ஆமாம், தனியாகத்தான். நிறுத்தினால் மறுபடி சிக்கும் என்று டிரைவர் காரை நிறுத்தவே இல்லை.

பின்னாலேயே வந்த பால் வண்டியில், கேன்களுக்கு நடுவே நின்றபடி மலை இறங்கினேன். பழனி நெருங்கும்போது போன். தங்கச்சி.

“அண்ணே, எல்லாரும் வெரசா வந்து எறங்கிட்டாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா ஜம்முனு காப்பி குடிக்கிறாரு. பொண்ணுக்கு மாலை போடணும்... தாய்மாமன எந்த வண்டியில போட்டீங்க?”