அக்காவின் தோளில் சுண்ணாம்பு

“…அப்புறம் சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு டாக்டரம்மா? அவன் மூங்கிக் கம்பாலதானே அடிச்சான்!”

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் படுத்துக்கொண்டு என் அக்கா கேட்டாள். வலது தோளில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். தசைநாரில் கால்சியம் கட்டியாய்ப் படிந்திருப்பதை, அவளுக்குப் புரியட்டும் என்று, சுண்ணாம்பு என்று சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா அன்றைக்கே வெற்றிலைப் பையைத் தூக்கி வாய்க்காலில் வீசிவிட்டாள்.

“வெத்தலையாலயும் இல்லம்மா, அடியாலயும் இல்ல. அதுவா படியறது. கத்தி வைக்கப்போறதில்ல. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசிய விட்டு, உப்புத்தண்ணி அடிச்சுக் கரைச்சு உறிஞ்சிடுவேன். கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் கை மேல போகும்.”

அடியால் இல்லை என்றாரே, அதுதான் எங்களை முதலில் குத்தியது.

அத்தான் செத்த பிறகு கோயில் நிலத்துக் குத்தகை அக்காவிடம் வந்தது. அத்தானின் தம்பிக்கு அது பொறுக்கவில்லை. ஆட்சி மாறினால் வேட்டியின் கரையும் மாறுகிற ஆள் அவன். போன வருஷக் குறுவை அறுப்பன்று ஆட்களோடு வரப்பேறி வந்தான். அக்காவைக் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினான். எழுந்தவளின் தோளில் கம்பு இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம். தடுக்கப் போன என் மண்டை உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அதனூடே பார்த்தேன், விழுந்தவளின் அதே தோளைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு நின்றான்.

“இனிமே எந்தக் கையாலடி நடுவே?”

கேஸ் போட்டோம். மாதங்கள் போகப்போகக் கை தூக்க வரவில்லை. தூக்க வராத கையே எங்களுக்குச் சாட்சியானது. “கை மேல போனா கேஸு கீழ போயிடும்டி, தீர்ப்பு வரட்டும்” என்றார்கள் தெருக்காரர்கள். ஊர் வாய்க்கு எதுகை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அவன் கோயில் ஆபீசுக்குப் போய், “சொந்தமா பாடுபட முடியாதவளுக்குக் குத்தகை எதுக்குங்க?” என்று மனுக் கொடுத்துவிட்டான். இந்த வருஷச் சம்பா நடவுக்கு ஆபீசர் நேரில் பார்க்க வரப்போகிறார். கை வந்தால் கேஸ் போகும், வராவிட்டால் நிலம் போகும்.

ஊசி உள்ளே போனது. எலும்போரம் முட்டியதும் அக்கா அலறினாள்.

“அடப்பாவி! ஒன் கொடல உருவி வரப்புல போட! ஒன் கை அழுக!”

நர்ஸ் பெண் பதறிப்போய், “யாரம்மா திட்டுறீங்க?” என்றது.

“ஒங்கள இல்ல தாயி, என் கொழுந்தன!”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உறிஞ்சினார். வெள்ளையடித்த மட்டையை அலசிய தண்ணீர் மாதிரி, ஊசிக்குழாய் கலங்கி வெளுத்தது.

“பாதிதான் வந்திருக்கு. இன்னொரு எடத்துல குத்தணும். முடியலன்னா நிறுத்திக்கலாம்மா.”

“கோர்ட்டுல கேட்டா என்னன்னு எழுதுவீங்க?” என்றாள் அக்கா.

“அடியால வந்ததில்லன்னுதாம்மா எழுதணும்.”

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். “எந்திரிச்சிடுக்கா. பாதியாவது கேஸுக்கு இருக்கட்டும்.”

அக்கா இடக்கையை வீசி என் வாயிலேயே ஓர் அறை விட்டாள். பிறகு முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, குத்தச் சொல்லி டாக்டருக்குத் தலையை ஆட்டினாள்.